ஆமெனுக்குப் பிறகு ஏழு நிமிஷம்

கச்சேரி நடக்கவிருந்த சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, பள்ளிக்கூட ஹாலின் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஜோசலின் தன் இசைப் படைப்பிலிருந்து பதினாலு பார்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தாள். பார் என்றால் ஒரு தாளக் கட்டம், நாலு தட்டு. பதினாலும் சேர்ந்தால் ஒரு நிமிஷம்கூட வராது. ஆனாலும் இருபது பேருடைய தாளிலும் ஒவ்வொன்றாக அடித்து முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷமாக எழுதியது ஆயிற்றே.

அடிக்கச் சொன்னவர் ஜாய்சன். வார நாளில் வங்கி அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை சபைப் பாடகர் குழுவுக்குத் தலைவர், சனிக்கிழமைகளில் தாம்பரத்தின் இந்த வாத்தியக் குழுவையும் அவர்தான் கை காட்டி நடத்துகிறவர். "அந்த இடம் ரொம்ப இழுக்குது ஜோசி. கமிட்டில ஒரே ஒரு தடவைன்னுதான் ஒத்துக்கிட்டாங்க. ஜனங்க நடுவுல எழுந்துட்டாங்கன்னு வெச்சுக்கோ, உன் பீஸை மறுபடி யாரும் தொட மாட்டாங்க. அப்புறம் கிறிஸ்மஸ் பாட்டு, கல்யாண ரிசப்ஷன், அதோட சரி."

பயம் யாரை விட்டது? அடித்துவிட்டாள்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு ரயிலில் பிடித்தது. கூடுவாஞ்சேரியில் வீடு, தாம்பரத்தில் கணக்கு டீச்சர் வேலை. ஏறும்போது அது ஒரு ஊர், இறங்கும்போது வேறு ஊர். எந்த இடத்தில் மாறுகிறது? ஊரப்பாக்கத்திலா, வண்டலூரிலா? கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே வருவாள். பெருங்களத்தூர் வந்ததும், அடடா, எப்போதோ மாறிவிட்டதே என்றிருக்கும். காதுக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கு அவள் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான். சில சுரங்கள் சேர்ந்து நீளமாக ஒலித்துக்கொண்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் பக்கத்துப் படிக்கு நகரலாம், மற்றவை அசையக் கூடாது. இப்படியே பதினெட்டு நிமிஷம். கிளம்பின இடம் எங்கேயோ, போய்ச் சேர்ந்த இடம் எங்கேயோ. நடுவில் எங்கே மாறியது என்று யாராவது கண்டுபிடிப்பார்களா?

யாராவது என்ன யாராவது, அம்மா கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் விஷயம். அம்மா தபீதாள் நாற்பது வருஷம் சபையில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடியவள். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியபோது முழுக்கக் கேட்டுவிட்டு, "கரண்ட் போனா ஃபேன் சுத்திட்டே இருக்குமே, அது மாதிரி இருக்குடி. நின்னுச்சா இல்லையான்னே தெரியல" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். ஜோசலினுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அம்மாவைவிட அதிகமாகக் குழம்பிப் போனவர் குழுவில் வாசிக்கும் பொன்னுரங்கம். இரும்புலியூரின் பழைய குடும்பம், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆளுயர வயலின் போன்ற டபுள் பாஸை ஆசைப்பட்டு வாங்கி, ஐம்பது வயதில் கற்றுக்கொண்டவர். குழுவில் சர்ச் பக்கமே போகாத ஆள் அவர் ஒருவர்தான்.

"இன்னா டீச்சரம்மா, எனுக்கு நாப்பத்தாறு பார் ஒரே நோட்டு போட்டுக்கீற? கை மரத்துப் பூடுது. எப்ப மாறுதுன்னாச்சும் சொல்லு."

"நீங்க மாறவே வேணாம்ணா. உங்களைச் சுத்தித்தான் எல்லாம் மாறும்."

"அப்ப நான் இன்னாத்துக்கு?"

"நீங்க அசையாம இருந்தாத்தாண்ணா மத்தது அசைஞ்சதே தெரியும்."

அவர் வில்லைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி. கண்ண மூடிக்கினு எண்ணுறேன். நடுவுல எவனும் பேசக் கூடாது" என்றார்.

ஆறரைக்கு ஹால் நிரம்பியது. பாதிக்கு மேல் பாடகர் குழுக் குடும்பங்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் தபீதாள், மடியில் கைப்பை. ஜோசலின் வயலினைவிடச் சற்றுப் பெரிய தன் வயோலாவோடு மேடையின் வலது பக்கம் உட்கார்ந்தாள். அங்கிருந்து அம்மாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. அவளுடைய படைப்பு தொடங்கி முதல் ஐந்து நிமிஷம் ஹாலில் ஒரே இருமல். எட்டாவது நிமிஷத்தில் இருமல் நின்றது. கம்ப்யூட்டரில் ஒருநாளும் கேட்காத ஏதோ ஒரு கனம் அந்த ஒலிக்கு வந்திருந்தது. அட, உயிரோடுதான் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பதினோராவது நிமிஷத்தில், பார்களை அடித்த இடம் வந்தது. அங்கே இரண்டு சுரங்கள் இறங்க வேண்டும், ஒன்று முதலில், மற்றது பதினாலு பார் தள்ளி. இப்போது நடுவில் ஒன்றுமில்லாததால் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக இறங்கின. இறங்கிய பிறகுதான் ஜோசலினுக்கு உறைத்தது. ஐயோ, இது சபையில் பாடும் பாமாலையின் கடைசி ஆமென் அல்லவா!

ஹால் மொத்தமும் வாயைத் திறந்தது. "ஆ... மென்." நாலு குரலும் பிரிந்து, பிசிறில்லாமல். யாரும் யோசித்துப் பாடவில்லை. பிறந்ததிலிருந்து அந்த இரண்டு சுரச் சேர்க்கையும் அடுத்தடுத்து வந்தால் அவர்கள் வாயில் வருவது அதுதான். ஆமென் என்றால் ஆராதனை முடிந்தது. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தபீதாளும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஜாய்சனின் கை அந்தரத்தில் விரிந்தபடி நின்றுபோனது. அவர் கை மூடும்வரை சுரத்தை விடக் கூடாது என்பது சபையில் அவரே போட்ட சட்டம். விட்டவர்களை ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் திட்டுவார். அதனால் ஜனங்கள் மாற்றி மாற்றி மூச்செடுத்துக்கொண்டு அந்த 'மென்' என்பதை நீட்டிப் பிடித்தபடி நின்றார்கள். பொன்னுரங்கத்துக்கு ஆமெனும் தெரியாது, அது முடிவென்றும் தெரியாது. கண்ணை மூடியபடி எண்ணிக்கொண்டே வில்லை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஜாய்சன் ஜோசலினைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். மூடிடவா?

மூடினால் போதும். கைதட்டல் ஹாலைப் பிளக்கும். நடுவில் யாரும் எழவில்லை, முடிவில்தான் எழுந்தார்கள் என்று ஆகிவிடும். என்ன அழகான முடிவு என்று அம்மாவே கட்டிக்கொள்வாள். கமிட்டி அடுத்த வருஷமும் கேட்கும். மீதி ஏழு நிமிஷம் இருந்ததே எவருக்கும் தெரியாது. தலையை ஆட்டினால் தீர்ந்தது.

அவள் கழுத்து ஆடத்தான் பார்த்தது. ஆனால் அந்த ஏழு நிமிஷத்தில் கேட்கிறவர்கள் காதில் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாதே! தெரிந்துகொள்ளத்தானே இந்த நாலு வருஷம்? அம்மாவைப் பார்த்தாள். அம்மா பிடித்துக்கொண்டிருந்த ஆல்டோ சுரமும் தன் வில்லில் இருந்த சுரமும் ஒன்றேதான் என்று அப்போதுதான் கவனித்தாள்.

வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். ஜாய்சனுக்கு வேர்த்துவிட்டது, ஆனால் கையை மூடவில்லை. பாவம், தாளம் காட்ட ஆரம்பித்தார்.

அடுத்து நகர வேண்டியது அவளுடைய வயோலாதான். விரலை அரைப்படி மேலே தள்ளினாள்.

ஹாலில் குரல்கள் தடுமாறின. சிலர் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். சிலர் பழைய சுரத்தையே அழுத்திப் பிடித்தார்கள். முடிந்துவிட்டதென்று பள்ளிக்கூட வாட்ச்மேன் பின்கதவை அகலத் திறந்து வைத்தார். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல். யாரும் உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

தபீதாள் நெற்றியைச் சுருக்கினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, எங்கே என்று தேடுகிறவளைப் போல மேடையைப் பார்த்தாள். பொன்னுரங்கத்தின் வில் அசையாமல் ஒரே நோட்டில் போய்க்கொண்டிருந்தது. பாட்டில் அரைப்படி மேலே போகவேண்டி வந்தால் அம்மாவுக்கு மோவாயைத் தூக்கும் பழக்கம் உண்டு, நாற்பது வருஷப் பழக்கம். கைப்பை தோளிலிருந்து முழங்கைக்கு வழுக்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுடைய மோவாய் மெல்ல, ஒரு விரற்கடை, மேலே உயர்ந்தது.