பிஸ்கட் துப்புகிறவருக்குச் சர்க்கரை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். துப்பியே சம்பாதித்த ஒருவருடைய கதை சொல்கிறேன்.

அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவர். அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு முதல் தட்டிலும் ஒன்றை எடுத்து, மென்று, நாக்கில் உருட்டி, குவளையில் துப்ப வேண்டும். விழுங்கினால் நாக்கு மந்தமாகிவிடும் என்பது முதலாளியின் சட்டம். விழுங்கியவர் அன்றே வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இருபது வருடமாக ஒரு துணுக்குகூடத் தொண்டையில் இறங்கியதில்லை என்பதுதான் மனிதருடைய பெருமை. சொத்தும் அதுதான்.

அப்படிப்பட்டவரை ஒரு வைரஸ் காய்ச்சல் பிழிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் காயப்போட்டது. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இருநூற்று நாற்பது.

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "துப்புறேன் துப்புறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டீங்களே, முழுங்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"சத்தியமா இல்லடி!"

அவள் தம்பி அதே தொழிற்சாலையில் பேக்கிங் மேற்பார்வையாளன். ருசி நாற்காலிமேல் நெடுநாளாக அவனுக்கு ஒரு கண். நலம் விசாரிக்க வந்தவன் முகத்தில் பளிச்சென்று விளக்கெரிந்தது.

"மாமா, நாக்கு பொய் சொல்லும், ரத்தம் சொல்லுமா? முதலாளிகிட்ட நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

என்ன பக்குவமோ, மறுநாளே முதலாளி போனில் வந்தார். "ரிப்போர்ட்டோட வாங்க. இல்லன்னா வராதீங்க."

டாக்டரம்மா வந்ததும் அவர் கும்பிட்டார். "சர்க்கரை வந்தா வந்துட்டுப் போகட்டும்மா. நான் முழுங்கலன்னு மட்டும் எழுதிக் குடுங்க!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதை நான் எப்படிய்யா எழுத? கிருமி உள்ள வந்தா உடம்பு பதறிப்போய், சண்டைக்கு ஆகும்னு கல்லீரல்ல இருக்கிற சர்க்கரையை ரத்தத்துல கொட்டும். இன்சுலினும் அந்நேரம் சரியா வேலை செய்யாது. நோயே இல்லாதவங்களுக்கும் இப்படி ஏறும். உங்க மூணு மாசச் சர்க்கரைச் சராசரி சுத்தமா இருக்கு. ஆனா காய்ச்சல் விட்டதும் திரும்பப் பார்க்கணும், ஏமாத்தக் கூடாது." பிறகு அன்றும் கட்டிலருகே வந்து நின்ற மச்சினன் பக்கம் திரும்பினார். "நீங்க சர்க்கரை எப்போ பார்த்தீங்க தம்பி? விரலை நீட்டுங்க."

தம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். திடீரென்று அவனுக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு. முதலாளி ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மனைவி ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். "சந்தேகப்பட்டது தப்புதான். இது வீடு, இங்கே சட்டமில்லை. முழுங்குங்க."

அவர் மென்றார். உருட்டினார். தொண்டை திறக்கவில்லை, கை குவளையைத் தேடியது. அவள் தலையில் அடித்துக்கொண்டு தம்ளரை நீட்ட, துப்பினார்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்," என்றார்.

உங்கள் வீட்டுக்கு வரும் காய்ச்சல் வாசலோடு திரும்பட்டும், கண்ணுகளா. இனிப்பு நாக்கோடு நிற்கட்டும். நலம் விசாரிக்க வருகிறவர்கள் நலம் மட்டும் விசாரித்துப் போகட்டும்.