இரட்டை முடிச்சு

மூன்றாம் நாள் காலையில் என் துண்டு கிடைத்தது. ஆற்றுக்கு மேற்கே ஒரு முள்மரத்தில் கிழிந்து தொங்கியது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

கொம்பு இல்லாத காண்டாமிருகத்தைத் திருடன் சுட மாட்டான். அதனால்தான் அதன் கொம்பைச் சரணாலயத்தில் நாங்களே அறுக்கிறோம். மயக்க ஊசி போட்டாலும் வெளிச்சம் பட்டால் அது மிரளும். துண்டால் கண்ணைக் கட்டுவது என் வேலை. பதினோரு வருடமாக ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுதான். முதல் நாள் ஒரு தாய்க்குக் கட்டும்போது காற்று பலமாக அடித்ததால் மேலே இன்னொன்றைப் போட்டுத் தொலைத்தேன். மருத்துவர் மயக்கம் தெளியும் ஊசி போட்ட பிறகு இழுக்கிறேன், வரவில்லை. தாய் கண்கட்டோடு எழுந்து மேற்கே ஓடியது. நாலு மாதக் குட்டி கிழக்கே ஓடியது. இரண்டு இரவும் கழுதைப்புலிகள் கத்தின. என் சோளக்களி தட்டிலேயே காய்ந்தது.

கூட வந்த காவலன் பெகிதெம்பா ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை முன்னோர்களுக்காக மண்ணில் போட்டான். என்னைப் பிறந்த வீட்டுக் குலப்பெயரால்தான் கூப்பிடுவான்.

"உங்க ஆளுங்ககிட்டயும் சொல்லுங்க, மாசுங்கு. எங்க ஆளுங்களுக்கு இப்பல்லாம் காது கேக்கறதில்ல."

"என்னன்னு சொல்ல? முடிச்சு போடத் தெரியாதவள்னா?"

"போடத் தெரியும். ஆளு மாத்திப் போட்டுட்டீங்க. உங்க வீட்டுக்காரருக்குப் போட்டிருந்தா அவரு ஜோகன்னஸ்பர்க்கிலயே தங்கியிருக்க மாட்டாரு."

வேறு நாளாக இருந்தால் அடித்திருப்பேன். அன்று அவன் பேசிக்கொண்டிருப்பதே போதும் என்றிருந்தது.

மரத்திலிருந்து தாயின் தடம் தனியாகப் போனது. இடது பின்னங்காலில் வெடிப்பு, அதுவேதான். ஒரு மணி நேரம் நடந்து சேற்றுக்குட்டைக்கு வந்தோம். கரையில் சின்னக் காலடிகளும் இருந்தன. வெள்ளைக் காண்டாமிருகம் குட்டியை முன்னால் விட்டுத்தான் நடக்கும்; சேர்ந்து போனால் அம்மாவின் பாதம் சின்னக் காலடி மேல் விழும். சின்னக் காலடி பெரியதன் மேல் பதிந்திருந்தால், குட்டி பின்னால் தனியே மோப்பம் பிடித்து வந்திருக்கிறது, அம்மா கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

பெகிதெம்பா குனியவில்லை.

"நீங்களே பாருங்க. நான் சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க."

மண்டியிட்டேன். முதல் காலடி கலங்கியிருந்தது. இரண்டாவது பாதிதான் மிச்சம். மறுபாதியை ஒரு பெரிய பாதம் அழுத்தியிருந்தது, ஓரத்தில் வெடிப்போடு. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எதிர்க்கரையில் ஈரம் காயாத தடங்கள் உயரமான புல்லுக்குள் போயின. சின்னது, அதன் மேல் பெரியது.