நெற்றி விளக்கின் பின்னால்

விளக்கை மனைவி மலரின் நெற்றியில் கட்டிவிட்டது உதயாதான். ரப்பர் பட்டையில் முடி சிக்கிக்கொள்ளாமல் இருக்கப் பின்னலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் பட்டையை இறுக்கினான். பொத்தானை அழுத்தியதும் எதிர்ச் சுவரில் நீலம் பூசிய வெள்ளை வட்டம் ஒன்று விழுந்தது. அவள் தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் நாய்க்குட்டி மாதிரி அதுவும் ஓடியது.

“இன்னாய்யா, என்னைப் போயி ரயில் இன்ஜினு ஆக்கிட்டே?” என்றாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அவன் அப்பா பொன்னுரங்கம் சிரித்தார். “ஊதிகினே போம்மா. குறுக்க எவனாச்சும் வந்துறப் போறான்.”

“நீதான் மாமா குறுக்க படுத்துகினு கீறே.”

மூன்று பேரும் சிரித்தார்கள். உதயா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். படகின் வயிற்றுக்குள் பகலிலும் இருட்டுதான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்பேனர் பிடித்தே பல வருடம் ஓட்டியவன், பர்மா பஜாரில் அத்தாவுல்லாவின் கடையில் இந்த நெற்றி விளக்கைக் கண்டதும் வாங்கிவிட்டான். இரண்டு கையும் சும்மா இருக்க, கண் போகும் இடத்துக்கு வெளிச்சம் தானாகப் போனது. அடுத்த தடவை போய் இன்னொன்று வாங்கியது வீட்டுக்காக. “மருந்து கட்டறதுக்கு ஊட்ல பொண்டாட்டிக்கு ரெண்டு கையும் வேணும் பாய்” என்று சொன்னான். யாருக்கு, எதற்கு என்று அத்தாவுல்லா கேட்கவே இல்லை. இவனாகத்தான் சொன்னான்.

அப்பாவுக்குக் காயம் பட்டது மழைக்காலத்துக்கு முன்னால். கழிமுகத்தில் இறால் வலையை உதறிக்கொண்டிருந்தபோது மட்டி ஓடு ஒன்று பொன்னுரங்கத்தின் குதிகாலைக் கிழித்தது. சர்க்கரை வியாதிக்காரர், காலில் உணர்ச்சி செத்துக் கிடந்தது. நெட்டுக்குப்பத்தின் சந்துகள் வழியே வீடு வரை நடந்து வந்துவிட்டார். மண்ணில் கிடந்த சிவப்புத் தடத்தைப் பார்த்து அடுத்த வீட்டு முத்தம்மா கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

தினமும் காலையில் கழுவி மருந்து கட்ட வேண்டும் என்றார் காத்திவாக்கம் டாக்டர். காயம் குதிகாலின் அடிப்பக்கத்தில். முழங்கால் மடங்காத மனிதருக்கு அதைத் தானே பார்க்க வழியில்லை. முன்னறையில் படுத்தால் வாசலோடு போகிறவன் எல்லாம் கால் எப்படி என்று கேட்பான் என்று, ஜன்னல் இல்லாத பின்னறையைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். அங்கே உச்சிவெயிலிலும் அந்தி. ஒற்றை பல்பின் மஞ்சள் அவர் முகத்தோடு நின்றுவிடும், கால்மாட்டுக்கு வராது. அதனால் மலர் கட்டிலடியில் குந்தி இரண்டு கையாலும் வேலை செய்ய, உதயா பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பான். மறு கை அப்பாவின் முழங்காலில் இருக்கும். பொன்னுரங்கம் எதையாவது பேசிக்கொண்டே அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

ஒரு நாள் பழைய துணியோடு சேர்ந்து ஏதோ உரிந்து வந்தது. வாடை மேலே எழுந்தது. மீன் வாடையில் பிறந்து வளர்ந்தவன் அவன். ஆனால் இது அப்பாவின் வாடையாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தபோது, அப்பா தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான்.

“போடா. போயி டீ குட்ச்சிட்டு வா” என்றார் பொன்னுரங்கம், அவன் கேட்டதைக் கொடுக்கிறவர் மாதிரி.

அதற்கு அடுத்த வாரம்தான் இரண்டாவது விளக்கு வீட்டுக்கு வந்தது.

மலருக்கு அது எல்லாவற்றுக்கும் உதவியது. கரண்ட் போனால் விளக்கைக் கட்டிக்கொண்டு இறால் உரித்தாள், அரிசி களைந்தாள், முத்தம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்து மூக்குத்தித் திருகைத் தேடி எடுத்தாள்.

“பொண்டாட்டிக்கு பொடவ வாங்கியாந்தவன பாத்துகீறேன். வெளிச்சம் வாங்கியாந்தவன இப்பத்தாண்டா பாக்கறேன்” என்று முத்தம்மா சந்தில் நின்று உரக்கச் சொன்னாள். உதயா தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். வெட்கப்படுகிறான் என்று அவள் அதற்கும் சிரித்தாள்.

காலையில் வெந்நீர்ப் பாத்திரம் ஸ்டவ்வில் ஏறும் சத்தம் கேட்டதும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் கழிமுகத்துக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மேகங்களை அவைதான் செய்து வானத்துக்கு அனுப்புகின்றன என்றும், ஒரு மேகத்தில் ஏறிக்கொண்டால் யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம் என்றும் சின்ன வயதில் அவன் நம்பியதுண்டு. இப்போதும் டீ ஆறும்வரை நம்பினான். வீட்டில் வேலை முடிந்திருக்கும் என்று தோன்றியதும் எழுந்து போய், பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

ஒரு மாலை மலர் சொன்னாள். “மாமா முன்ன மாரி பேசறதில்லய்யா. நான் கால தூக்கனா சொவத்த பாத்துகினு கீறாரு.”

“தூக்கமா இருக்கும்.”

“அப்பால இன்னொன்னு. காலு கலரே புரியல. இந்த வெளக்குல எல்லாமே நீலமா கீது. மருந்து கறையா, இல்ல தோலே அப்டி கீதான்னு தெரியல. நாளிக்கு காலீல ஒரு தபா வந்து பாரேன்.”

“பாக்கறேன்” என்றான். மறுநாள் பாத்திரத்தின் சத்தம் கேட்டதும் கிளம்பிவிட்டான்.

இரண்டு நாள் விட்டு மறுபடியும் கேட்டாள். ஒரு படகு அவசரம் என்றான். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. வாசற்படியில் நின்று அவன் போவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று காசிமேட்டில் ஒரு படகின் இன்ஜின் குழிக்குள் உட்கார்ந்து பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தான். மேலே மூடியைத் திறந்து படகின் டிரைவர் மாரியப்பன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா மாமு, வேல முடியுமா முடியாதா?”

உதயா பதில் சொல்ல நிமிர்ந்தான். மாரியப்பன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

“யோவ், அந்த எழவ அமுத்துய்யா! உன் மூஞ்சியே தெரியல. மூஞ்சிய பாத்தாத்தான தெரியும், முடியும்னு சொல்றது மெய்யா டபாய்க்கிறியான்னு.”

மேலே இரண்டு பேர் சிரித்தார்கள். உதயா விளக்கை அணைத்தான். குழியின் இருட்டில் ஸ்பேனரோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பதினைந்து வயதில் அப்பாவோடு கட்டுமரத்தில் போனது நினைவுக்கு வந்தது. வலை மேலே வரும்வரை மீன் உண்டா என்று யாரும் வாயால் கேட்கக் கூடாது. கேட்டால் வந்த மீனும் திரும்பிப் போய்விடும் என்பார்கள். இழுக்கிறவனின் கைக்குத்தான் பாரம் தெரியும். மற்றவன் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா அப்படித்தான் இவன் முகத்தைப் பார்ப்பார். வலை தண்ணீரை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே, “பரவால்லடா, நாளிக்கு பாத்துக்கலாம்” என்று சொல்லிவிடுவார்.

தன் காலைப் பற்றியும் அவர் இதுவரை ஒரு தடவைகூட வாயால் கேட்டதில்லை.

பெல்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேலே ஏறினான். மாரியப்பன் பின்னாலிருந்து திட்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மலர் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் நேராகப் பின்னறைக்குப் போனான்.

“இன்னாடா, இந்நேரத்துக்கு?” என்றார் பொன்னுரங்கம்.

“கட்டில வாசலாண்ட போடலாம் நைனா. பகல் வெளிச்சத்துல பாக்கணும்.”

“ஊரே பாக்கும்டா.”

“பாக்கட்டும்.”

பொன்னுரங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வெளக்கு வந்தப்பால ஒண்ணும் புரியலடா எனுக்கு. வெளிச்சம் வருது. அதுக்குக் கீய ரெண்டு கை வருது. யாரு கீறா, இன்னா பாக்கறா, ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் கீது போல, அத்தொட்டுதான் நீயும் வர்றதில்லன்னு நெனச்சிகினேன்.” பிறகு, “சரி, இஸ்து போடு” என்றார்.

மலர் கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தாள். இருவருமாகக் கட்டிலை முன்னறை தாண்டி வாசல்வரை இழுத்தார்கள். அவள் துணியை அவிழ்த்தாள். உதயா கட்டிலடியில் குந்தினான்.

குதிகால் கறுத்திருந்தது. கறை இல்லை. கணுக்கால்வரை கருமை ஏறி, அதற்கு மேல் சிவப்பு ஒன்று கொடி மாதிரி படர்ந்து போயிருந்தது.

“நெதம் பாத்தனே” என்றாள் மலர். “நெதம் என் கையாலதான கழுவனேன்.”

அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் இருந்தான். சந்துப் பக்கம் திருப்பலாம். மலர் பக்கம் திருப்பலாம். மெல்லத் தூக்கி அப்பாவுக்கு நேராக வைத்தான். பொன்னுரங்கம் பார்த்தார். நீண்ட நேரம் ஆகவில்லை.

“சரிடா” என்றார். “போயி ஆட்டோ இட்டுகினு வா.”

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு வயது குறைவு, களைத்துப் போயிருந்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். அப்புறம், “யாரும்மா டிரஸ்ஸிங் பண்ணது? கலர் மாறுனது கண்ணுக்குத் தெரியலையா?” என்று கேட்டார்.

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். உதயா வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

“பாக்க சொல்லி இது என்னத்தான் சார் கூப்ட்டுச்சு. நான்தான் போவல” என்றான் அவர் முதுகைப் பார்த்து. அவர் காதில் விழவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அப்பாவைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.

“அந்த வெளக்க உனுக்காவ வாங்கல மலரு.”

“தெரியும்.”

“எப்பத்துலருந்து?”

“நெத்தீல கட்டனியே, அன்னிக்கே. அவ்ளோ அவசரம் உன் கையில.”

“அப்ப ஏன் சொல்லல?”

மலர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். “இன்னான்னு சொல்றது? எனுக்கும்தான்யா கொமட்டுச்சு. பல்ல கட்ச்சிகினு சிர்ச்ச மூஞ்சியா வெச்சிகினு கெடந்தேன், மாமா பாக்கறாரேன்னு. வெளக்கு வந்தப்பால அந்தப் பேஜாரு இல்ல. மூஞ்சி எப்டி வேணா இருக்கலாம். அது நிம்மதியாத்தான் கீந்துச்சு எனுக்கு.” முந்தானையை விட்டுவிட்டு, “ஆனா கூப்ட்டேன்” என்றாள். “ரெண்டு தபா கூப்ட்டேன்.”

“கூப்ட்டே” என்றான் உதயா.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் காலை எடுத்தார்கள். மறுநாள் பொன்னுரங்கம் அதைப் பற்றிப் பேசினார். “உள்ள இன்னாமா லைட்டுடா. நம்ம தெரு மொத்தத்துக்கும் போதும். ஆனா அத்தினி பேரும் மூஞ்சிய மூடிகினு கீறானுங்க, கண்ணு மட்டும்தான் தெரியிது. கண்ண வெச்சி இன்னாத்த கண்டுபுடிக்கிறது? நான் கண்ண மூடிகினேன்.”

பிறகு கேட்டார்: “நீ வெளியதான இருந்தே?”

“இருந்தேன் நைனா.”

“ம்.”

அவர் அவனைத் திட்டுவார் என்று உதயா காத்துக்கொண்டிருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் ஆரஞ்சுப் பழம் ஒன்று உரித்துத் தரச் சொன்னார். உரித்துக் கொடுத்தான். ஒரு சுளையை அவனுக்கே திருப்பிக் கொடுத்தார். அதை விழுங்குவது மற்ற எதையும்விடக் கஷ்டமாக இருந்தது.

முதல் கட்டுப் பிரிக்கும் நாளில் நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள். திரையை இழுத்துவிட்டு, “ஒருத்தர் மட்டும் இருங்க. மத்தவங்க வெளிய போங்க” என்றாள். மலர் பழக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“நீ போ. நான் கீறேன்” என்றான் உதயா.

அவள் அவனை நம்பாமல் பார்த்தாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. நர்ஸ் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வந்தது. மருந்து நெடிக்கு அடியிலிருந்து, அவனுக்குத் தெரிந்த அந்த வாடை மெல்ல எழுந்தது. கால் முடியக் கூடாத இடத்தில் முடிந்திருந்தது. தையல்கள் கறுப்பாக, ஒழுங்காக இருந்தன. தாடையை இறுக்கி, கன்னத்தைச் சரிசெய்து, ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான்.

பொன்னுரங்கம் காலைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தில்தான் கண் வைத்திருந்தார்.

“நடிக்காதடா” என்றார் மெதுவாக. “எப்டி கீதோ, அப்டியே வெச்சிக்கோ.”

உதயா பிடித்து வைத்திருந்ததெல்லாம் முகத்திலிருந்து கழன்று விழுந்தது. வாய் கோணியது. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது. துடைக்கக் கை தூக்கினால் முகம் மறைந்துவிடும் என்று துடைக்காமல் நின்றான்.

பொன்னுரங்கம் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்து முடித்தார்.

“ம்” என்றார். “ஆறிடும் போலத்தான் கீது.”