தோளில் வைத்த பஞ்சு

என் அக்காவுக்குக் கைவேலை எவ்வளவு சுத்தமோ, வாய் அவ்வளவு மோசம். அவள் தைத்த கோட்டைப் போட்டவன் கண்ணாடி கண்ட இடத்திலெல்லாம் நின்று தன்னைப் பார்த்துக்கொள்வான். அவளிடம் திட்டு வாங்கியவன் ஒரு வாரத்துக்குக் கண்ணாடிப் பக்கமே போக மாட்டான். தையல் கடை கீழே, வீடு மேலே. தங்கை நான், கடையில் இஸ்திரி போடுவேன், பட்டன் கட்டுவேன், அக்காவோடு சண்டை போடுவேன். மூன்றுமே தினசரி வேலைதான்.

அவள் வாய்க்கு அதிகம் அகப்பட்டது அவள் பெற்ற மகள். வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. பதினொரு வயது வரை துள்ளிக்கொண்டு திரிந்த பெண், உயரம் போட ஆரம்பித்ததும் தோளைக் குறுக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கத் தொடங்கினாள். போச்சு! அக்காவுக்கு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது.

"நிமிர்ந்து நில்லுடி! எதையோ திருடிட்டு வந்தவ மாதிரி எதுக்குக் குறுகிக்கிட்டு நிக்கிற?"

சாப்பிடும்போது திட்டு, படிக்கும்போது திட்டு, துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் முன்னாலும் திட்டு. சுவரோடு சுவராக நிற்க வைத்தாள். முதுகுக்குப் பின்னால் துடைப்பக் கட்டையைக் கொடுத்து, முழங்கைகளை அதில் மாட்டி நடக்க விட்டாள். கடந்து போகும்போதெல்லாம் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். வயசுக்கு வரும் பெண், வெட்கப்பட்டுக் குனிகிறாள் என்றார் மாமா. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளே குறைவு. இருக்கும் நாளிலும் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். புத்தகப் பை கனம் என்றேன் நான். ஆளுக்கொரு காரணத்தைக் கையில் வைத்திருந்தோம்.

பாப்பா முயலாமல் இல்லை. தம் கட்டி நிமிர்வாள். அக்கா திரும்புவதற்குள் மறுபடி சாய்ந்துவிடுவாள். "கொழுப்பு! உடம்பு பூரா கொழுப்பு!" என்று அக்கா பல்லைக் கடிப்பாள்.

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தில் கோட்டு போட வேண்டும் என்றார்கள். அக்காவே அளவெடுத்தாள். டேப்பை ஒரு தோளில் வைத்தாள், மறு தோளில் வைத்தாள், மறுபடியும் முதல் தோளுக்கு வந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். அளவை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தோளும் சமமாக உள்ள மனிதன் அபூர்வம். ஒருவருக்கு இடது இறக்கம், ஒருவருக்கு வலது இறக்கம். அளவெடுக்கும்போது தெரியும். தெரிந்தாலும் சொல்லக் கூடாது. இறங்கிய பக்கம் கொஞ்சம் பஞ்சு கூட்டி வைத்து, கீழ் ஓரத்தை அதற்கேற்ப ஏற்றி இறக்கித் தைத்துக் கொடுத்துவிட வேண்டும். "உடம்புல குத்தம் சொன்னா வந்தவன் திரும்ப வருவானா? துணியில சரி பண்ணு, வாயை மூடு." அக்கா எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான். கூன் விழுந்த ஒரு மாப்பிள்ளையை ராஜா மாதிரி மேடையேற்றி அனுப்பியவள் அவள்.

பெற்ற மகளுக்கும் அதையே செய்தாள். இடது தோளில் பஞ்சு வைத்தாள். கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினால், அடேயப்பா! பாப்பா குச்சி மாதிரி நேராக நின்றாள். அக்கா ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அன்றோடு வீட்டில் சத்தம் அடங்கியது. வீட்டுச் சட்டைகளுக்கும் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டதால் கண்ணுக்குக் கோணல் தெரியவில்லை. தெரியாததைத் திட்ட முடியுமா? அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து கதை பேசினார்கள். அக்கா அவளுக்குத் தலை வாரிவிட்டாள், கன்னத்தைக் கிள்ளினாள். பார்க்க எனக்கே நன்றாக இருந்தது.

ஆனால் இஸ்திரி போடுகிறவளுக்கு உள்ளே இருப்பது தெரியும். ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு தடித்துக்கொண்டே வந்தது. கடைசியாகத் தைத்ததில் ஒரு பக்கம் சின்னத் தலையணை போல இருந்தது.

"அக்கா, இது நல்லதுக்கில்ல. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு."

"வளர்ற வயசு. வளர்ந்து முடிஞ்சா தானா சரியாயிடும். பொட்டப் புள்ளைக்கு முதுகு கோணல்னு ஊர் பூரா தமுக்கு அடிக்கச் சொல்றியா?"

"டாக்டர்கிட்ட காட்டுறது தமுக்கு அடிக்கிறதா?"

"நீ இஸ்திரியைப் பாரு, துணி கருகுது."

பள்ளிக்கூடத்துக்கு நர்சுகள் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். கோட்டோடு நிற்க வைத்து உயரம், எடை, கண் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ஒருத்தியாவது அந்தக் கோட்டைக் கழற்றச் சொல்லியிருக்கக் கூடாதா?

அதன் பிறகு பாப்பா ஓடுவதை விட்டாள். மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்துகொள்வாள். சோம்பேறி என்றாள் அக்கா, ஆனால் சிரித்துக்கொண்டே. நானும் என் பங்குக்கு, "என்னடி, கிழவி மாதிரி படியில உக்கார்ற?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். வயதுப் பெண், போடத்தான் செய்வாள் என்று விட்டுவிட்டோம்.

பதினைந்து முடிய இருந்தபோது, ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் அந்தப் படியில் அப்படியே சரிந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள். கோட்டைக் கழற்றி, காற்றுப் படட்டும் என்று உள்சட்டையையும் மேலே தூக்கினேன்.

கடவுளே! அது ஒரு குழந்தையின் முதுகு மாதிரியே இல்லை. முதுகெலும்பு ஒரு பக்கமாகப் போய், பிறகு மறு பக்கமாக வளைந்திருந்தது. வலப்பக்க விலா எலும்புகள் மொத்தமாகப் பிதுங்கி, தோலுக்கு அடியில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி மேடாக நின்றன. கழுத்தில் டேப்போடு ஓடிவந்த அக்கா அதைப் பார்த்தாள். மறு நிமிஷம் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். கட்டிலில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பாப்பா சாய்ந்திருந்தாள்.

"இது சோம்பலும் இல்ல, வெக்கமும் இல்லம்மா. நிமிரச் சொன்னா நிமிர்ற முதுகு இல்ல இது. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா முதுகுக்குப் பெல்ட் போட்டே வளைவை நிறுத்திப் பாத்திருக்கலாம். இப்ப வளர்ந்து முடியப் போறா, பெல்ட்டுக்கு வேலை இல்ல. விலா எலும்பு நுரையீரலை நெருக்குது."

"இப்ப என்ன செய்யணும் டாக்டர்?" நான்தான் கேட்டேன்.

"ஆபரேஷன் பண்ணி, கம்பி வச்சு நிமிர்த்தணும். மயக்க மருந்தை இந்த நுரையீரல் தாங்குமாங்கறது ஒரு பயம். தாங்கினாலும் கால் விளங்காம போறதுக்கு வாய்ப்பிருக்கு. பண்ணாம விட்டா, போகப் போக மூச்சுக்கே வழி இருக்காது."

நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து, தோள் பக்கம் அழுத்திப் பார்த்தார்.

"யாரு தச்சது?"

"நான்தான்," என்றாள் அக்கா.

"நல்லா தச்சிருக்கீங்க," என்றார் டாக்டரம்மா. கோட்டை அப்படியே திரும்ப வைத்துவிட்டார். எனக்கு அக்காவின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

டாக்டரம்மா பாப்பா பக்கம் திரும்பினார். "எப்போலேர்ந்துடா வலிக்குது?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ரெண்டு வருஷமா," என்றாள்.

அவ்வளவுதான், அக்கா வெடித்தாள். "ரெண்டு வருஷமாவா? அடிப்பாவி! வாயில என்னடி பூட்டா போட்டிருந்துது? வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்ல முடியல? நான் என்ன செத்தா போயிட்டேன்? ஊமைக் கோட்டான் மாதிரி இருந்து என் குடியைக் கெடுத்துட்டியேடி! கேக்கறேன்ல, ஏன்டி சொல்லல?"

பாப்பா அவள் முடிக்கும் வரை காத்திருந்தாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"இதுக்குத்தாம்மா. கோட்டு தச்சதுலேர்ந்து நீ என்னைத் திட்டவே இல்ல. என்கிட்ட சிரிச்சுப் பேசுன. வலிக்குதுன்னு சொன்னா அதெல்லாம் நின்னு போயிடுமேன்னு பயந்தேன்."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் முகம் கோணியது. அழுதுகொண்டே கட்டிலருகே போய், மகளின் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினாள். பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடி விழும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.