திருப்பூருக்குப் போனவள்

ஐப்பசி வரை மழைக்குக் காத்திருந்து, முளைக்காமல் போனதை மறுபடி விதைத்து வளர்த்த மக்காச்சோளம் அது. தையில் கதிர் ஒடிக்கப் போகும் நேரத்தில் ஐந்து நாள் விடாமல் மழை கொட்டியது. செடியில் நின்றபடியே கதிர்கள் முளைவிட்டன. பரளச்சி கிராமத்தில் நாலு வருஷத்தில் இது மூன்றாம் தடவை.

முளைத்த கதிர்களை மாட்டுக்குப் போட்டுவிட்டு, முத்துலட்சுமி புருஷனிடம் சொன்னாள்: "நான் திருப்பூருக்குப் போறேங்க. பனியன் கம்பெனியில ஆள் எடுக்காக."

அய்யப்பன் நிமிர்ந்து பார்த்தான். போன கோடையில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவன், வெயிலில் தலைசுற்றிச் சாரத்திலிருந்து விழுந்து ஊர் திரும்பியிருந்தான். இன்னும் கால் சரியாக ஊன்ற வரவில்லை.

"பொம்பளைய அனுப்பிட்டு நான் ஊருக்குள்ள எப்படித் தலைகாட்ட?"

"அதப் பாத்தா ஆகுமா? பாப்பாவுக்குப் பத்தாவது பரீச்சை வருது. நீங்க சோறு பொங்கிப் பழகுங்க."

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவனே அரிசியைக் களைந்து உலையில் போட்டான். சோறு குழைந்துவிட்டது. முத்துலட்சுமி இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

கம்பெனியில் சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்தெட்டு வயசா? மிஷின் தெரியாதுல்ல? நூல் பிசிறு வெட்டுற வேலைதான் இருக்கு."

"அதச் செய்றேன் சார். சாப்பாட்டு நேரத்துல மட்டும் மிஷின்ல பழக விடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தினமும் பத்து நிமிஷத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு, கழிவுத் துணியை வைத்துத் தைத்துப் பார்த்தாள். இரண்டு தடவை விரலில் ஊசி ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் உட்கார்ந்தாள். பங்குனி முடிவதற்குள் அவளுக்கென்று ஒரு மிஷின் கொடுத்துவிட்டார்கள்.

மகள் ரேணுகாதேவி பாஸாகி, அருப்புக்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆவணியில் அய்யப்பன் போன் செய்தான்.

"முத்து, இந்த வருசம் என்ன வெதைக்க?"

"பாதி நெலத்துல குதிரைவாலி போடுங்க, மழை கொறைஞ்சாலும் தாங்கும். மீதி சும்மா கெடக்கட்டும்."

"அப்ப நீ?"

"பாப்பா படிப்பு முடியட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான்."

"பொங்கலுக்காவது வா. இப்பல்லாம் சோறு நல்லா வருது" என்றான்.

முத்துலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். வந்து ஏழு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்ததைப் பக்கத்து மிஷின்காரி அன்றுதான் பார்த்தாள்.