வரிசையில் இரண்டு சிவப்பு

மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் பகலெல்லாம் போல்ட்டும் நட்டும் வரைந்துகொடுத்த பிரகாசம், தன்னை நவீன ஓவியன் என்று நம்பத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இத்தனை காலத்தில் ஒரு படத்தையும் முடித்ததில்லை. உலகமே தன் கலைக்கு எதிராகச் சதி செய்கிறது என்பது அவன் கட்சி. உலகம் என்றால் அவன் மனைவி ஞானகுமாரி. ஸ்டவ், சொம்பு, முறம் எல்லாவற்றையும் மேசைமேல் அடுக்கி, நெடுநேரம் பேசாமல் வெறித்திருந்து, தூரிகையைத் தொடும்போது அவள் வந்து ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போவாள். சோறு வடிக்க வேண்டுமாம்.

"இந்த ஒன்னையாவது முடிச்சிடுங்க. இல்லன்னா இதெல்லாம் கட்டி மேல போட்டுடலாங்க" என்று போன வாரம் சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பான். பரிவாகச் சொன்னாள்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி வரும். முந்தின சாயங்காலமே தெருவில் குடங்கள் வரிசைகட்டிவிடும். குடம் நின்றால் ஆள் நின்ற கணக்கு. அடுத்தவர் குடத்தை யாரும் தொட மாட்டார்கள்.

"நம்ம கொடத்தப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஞானகுமாரி மாதா கோயில் காலைப் பூசைக்குப் போனாள்.

பார்த்தான். யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகாத பாத்திரங்கள்! பலகையையும் வண்ணங்களையும் ஓடிப்போய் எடுத்துவந்தான்.

ஒரே குறை. முதலில் நின்ற எதிர்வீட்டுப் புஷ்பாவின் குடமும் சிவப்பு, அடுத்து நின்ற தன் வீட்டுக் குடமும் சிவப்பு. எந்த ஓவியன் பொறுப்பான்? புஷ்பாவின் குடத்தைத் தூக்கி நாலைந்து குடம் தள்ளிப் பின்னால் வைத்து, அங்கே நின்ற எல்லம்மாவின் நசுங்கிய அலுமினிய அண்டாவை முன்னால் வைத்தான். லாரி வருவதற்குள் மாற்றிவிடலாம். பிறகு வரைந்தான். வரைந்துகொண்டே இருந்தான். லாரி ஹாரன் அடித்தபோதுதான் தலை நிமிர்ந்தான்.

"என் கொடம் எப்டி பின்னால போச்சு?" என்று கத்தினாள் புஷ்பா.

"அண்டா முன்னாடி கீதுன்னா நான் முன்னாடிதாம்மே வெச்சிருப்பேன்" என்றாள் எல்லம்மா. "யார் கொடத்த யார் தொடுவா? தோ, நைனா படம் வரைஞ்சிக்கினு கீது, அதப் பாரு!"

தெருவே படத்தின்முன் கூடியது. அவன் கனவு கண்ட கூட்டம்தான்.

"இது இன்னா, கத்திரிக்காயா?" என்றது ஒரு குரல்.

"ஏய், என் அண்டாம்மே அது! நசுங்கல் பாரு!" எல்லம்மா படத்தைத் தடவாத குறை. அவன் படத்தில் ஒரு பொருளை முதன்முதலாக அடையாளம் கண்டுகொண்ட மனுஷி அவள்.

புஷ்பா அவனிடம் திரும்பினாள். "நீ சொல்லுண்ணா. கண்ணால பாத்தத அப்டியேதான் வரைஞ்சியா?"

இந்தக் கேள்விக்கு அவன் நெடுங்காலமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தான். நவீன ஓவியன் பார்த்ததை அப்படியே வரைபவனல்ல என்று தொடங்கும் நீண்ட பதில். இப்போது அதற்கு அவசியமில்லை. தலையாட்டினால் போதும், படத்துக்கு ஒரு ரசிகை நிலைப்பாள். தூரிகையைக் கீழே வைத்தான்.

"நான்தான் மாத்தி வெச்சேன்."

"எதுக்கு?"

"ரெண்டு சிவப்பு பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு."

எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "காலங்காத்தால வந்து மாட்னான் பாரு" என்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு அவள் பழைய இடத்துக்கே போனாள். புஷ்பா முதலில் வந்தாள். பிரகாசத்தின் குடம் கடைசிக்குப் போனது.

பூசை முடிந்து வந்த ஞானகுமாரி, தெருவே ஒரே குரலில் சொன்ன கதையைக் கேட்டாள். படத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"கொஞ்சம் பாக்கி. கொடமெல்லாம் போயிடுச்சு."

"நம்மது நிக்குதுல்ல. அத இனிமே யாரும் தூக்க மாட்டாங்க. வரைங்க."

குடத்தை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு வரைந்தான். அந்தக் குடத்தின் முறை வந்தபோது படம் முடிந்திருந்தது. லாரியில் தண்ணீரும் தீர்ந்திருந்தது.