நோயுற்றோர் பட்டியல்

...பதினாறு வருடம், இல்லை, அறுபது, இடிந்த கோபுரம் மறுபடி எழும்ப எத்தனை வருடம் பிடித்தது, இருபது ஆண்டுகளாக வியாழக்கிழமைதோறும் இந்தப் பேராலயத்தைச் சுற்றிக்காட்டும் மேவிஸுக்கு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவளுக்கு, இன்று அந்த எண் மட்டும் வரமாட்டேன் என்கிறது. எதிரே பத்துப் பேர், மழைக்கோட்டு சொட்டச் சொட்ட அண்ணாந்து நிற்கிறார்கள். "மொதல்ல கட்டின மேஸ்திரிய என்னம்மா பண்ணாங்க, பென்ஷன் குடுத்து அனுப்பிட்டாங்களா?" என்கிறார் ஒரு தாடிக்காரர், எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள், வெட்கமாக இல்லையா உனக்கு, நேற்று மத்தியானம்தான் கிளெமென்ட் செத்துப்போனார், நாற்பத்தொரு வருடம் உன்னோடு வாழ்ந்த மனிதர், நீ வழிகாட்டிப் பட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாய்... வேறு எங்கே போவது? வீட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி மேசைமேல் கிடக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால்தானே அது நடந்ததாகும்.

துறவிகளை ராஜா துரத்தியதைச் சொன்னாள், இங்கே குதிரை கட்டிய சிப்பாய்கள் தேவதூதர் சிலைகளின் தலையை உடைத்ததைக் காட்டினாள், அதற்குள் பன்னிரண்டு மணி. மணிக்கொருதரம் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ஒரு நிமிடம் ஜெபம். குருவானவர் ஹம்ஃப்ரி பட்டியலை விரித்தார். நோயுற்றோருக்காக... ஏக்னஸ், ரூபர்ட், கிளெமென்ட். இறந்தோருக்கு வேறு தாள் உண்டு, இரண்டையும் வியாழன் காலையில் எழுதுபவள் அவள்தான், இன்றும் அவள்தான் எழுதினாள், கை பழக்கத்தில் எழுதியதா, இல்லை, தெரிந்தே... கையைத் தூக்கிச் சொல்லிவிடலாமா, ஐயா, அவர் அந்தத் தாளில் இல்லை என்று? எல்லோரும் ஆமென் என்றார்கள். அவளும் சொன்னாள்.

"மேவிஸ், வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு, கொஞ்சம் தேவலையா?" என்று போகிற போக்கில் கேட்டார் குருவானவர்.

"அப்படியேதான் இருக்காரு, ஐயா."

பொய்கூட இல்லை. ஏழு மாதமாகத் தினமும் மணிக்கொருதரம் அந்தப் பெயரை வாசித்தார்கள், அவர் மூச்சுவிட்டபோதும் இதே குரல், இதே ஆமென், மூச்சு நின்றபின் இன்றும் இதே குரல், இதே ஆமென், துளி வித்தியாசம் இல்லை, கூரை இடியவில்லை, வேண்டாம், இதற்குமேல் யோசிக்காதே... ஆனால் யோசனை நிற்கவில்லை. "எங்கம்மா விட்டீங்க, சிப்பாய்ங்க வந்தாங்க, அப்புறம்?" என்கிறார் தாடிக்காரர். அப்புறம், அப்புறம்... அப்படியானால் இந்த ஏழு மாதமும் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தது யார்?